ஜாக் ரீச்சர் தொடரை முதன்முறையாக எடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீ சைல்டு எழுதிய ஜாக் ரீச்சர் த்ரில்லர்களில் ஒன்றைக்கூடப் படிக்காதவர்களுக்கான பக்கம் இது. 1997-ல் தொடங்கிய தொடர் 2025-ல் 30-வது நாவலைத் தொட்டுவிட்டது. இத்தனை புத்தகங்களைப் பார்த்ததும் பலர் மலைத்துப் போகிறார்கள். இன்னும் சிலர் கைக்கு வந்ததை எடுத்துப் புரட்டுகிறார்கள். அது நான்கு நாவல்களாக நீளும் ஒரு இழையின் மூன்றாவது கண்ணியாக இருந்துவிட்டால், தலையும் வாலும் புரியாமல் மூடி வைத்துவிடுகிறார்கள். தொடக்கம் சரியாக அமைந்தால் இந்தத் தொடர் பல வருடங்களுக்குத் துணைக்கு வரும். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறோம். எந்தக் கதையின் முடிச்சையும் இங்கே அவிழ்க்கவில்லை.

ரீச்சர் யார்?

அமெரிக்க ராணுவ போலீஸில் 13 வருடம் பணியாற்றி, மேஜராக வெளியே வந்தவன். அப்பா கடற்படைக் காலாட்படை வீரர், அம்மா பிரெஞ்சுக்காரர். பிறந்ததே பெர்லினில் இருந்த ஒரு ராணுவ முகாமில். அப்பாவுக்கு மாற்றல் வரும் இடமெல்லாம் போய் வளர்ந்ததால் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. உயரம் 6 அடி 5 அங்குலம், எடை 100 கிலோவுக்குக் கூடக் குறைய. வேலையை விட்ட பிறகு வீடு, வண்டி, போன் எதுவும் வைத்துக்கொள்ளாமல் அமெரிக்கா முழுக்கச் சுற்றுகிறான். சட்டைப்பையில் மடக்கு டூத் பிரஷ். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கூடவே ஒரு பாஸ்போர்ட்டும் ஏடிஎம் கார்டும் சேர்ந்துகொண்டன. துணி அழுக்கானால் மலிவாகப் புதிது வாங்கி, பழையதைக் குப்பையில் போட்டுவிடுவான். பால் கலக்காத காபி எவ்வளவு கொடுத்தாலும் குடிப்பான். கடிகாரம் கட்டமாட்டான், ஆனால் நிமிடம் பிசகாமல் மணி சொல்வான்.

பேருந்திலிருந்து எங்கோ இறங்குவான். அந்த ஊரில் ஏதோ சரியில்லை என்று அவனுக்குப் படும். ஏறக்குறைய எல்லா நாவல்களுக்கும் அடித்தளம் இதுதான்.

எழுதியவர் யார்? சில அட்டைகளில் இரண்டு பெயர் இருக்கிறதே?

லீ சைல்டு என்பது புனைபெயர். இயற்பெயர் ஜிம் கிராண்ட். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1954-ல் பிறந்தவர். மான்செஸ்டரில் கிரனடா தொலைக்காட்சியில் ஏறத்தாழ 18 வருடம் வேலை பார்த்தார். 1995-ல் நடந்த ஆட்குறைப்பில் வேலை போனதும் எழுத உட்கார்ந்தார். முதல் நாவலான கில்லிங் ஃப்ளோர் 1997-ல் வந்தது, சிறந்த முதல் நாவலுக்கான ஆண்டனி விருதையும் பெற்றது.

முதல் 24 நாவல்களை அவர் தனியாக எழுதினார். 2020-ல் வந்த 25-வது நாவலான த சென்டினல் முதல், தம்பி ஆண்ட்ரூவும் 'ஆண்ட்ரூ சைல்டு' என்ற பெயரில் கூட எழுதுகிறார். அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் அது 2020-லோ அதற்குப் பிறகோ வந்த புத்தகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலான நாவல்கள் தனித்தனிக் கதைகள். ஊர் வேறு, ஆட்கள் வேறு, பிரச்சினை வேறு. ஒன்றில் வரும் நண்பர்கள் அடுத்ததில் தலைகாட்டுவதே அபூர்வம். ஆனால் நான்கு இடங்களில் மட்டும் வரிசையை மாற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முதல் இடம், ட்ரிப்வயரும் (1999) அதற்கு அடுத்த ரன்னிங் பிளைண்டும் (2000). முதலாவதில் தொடங்கும் ஒரு உறவும், ரீச்சர் கைக்கு வந்து சேரும் ஒரு வீடும் இரண்டாவதில் அவனை அழுத்துகின்றன. முதலாவதைப் படிக்காமல் போனால் வீடு வேண்டாம் என்று அவன் ஏன் இப்படித் தவிக்கிறான் என்பது ஒட்டாது.

இரண்டாவது, கில்லிங் ஃப்ளோரும் வித்தவுட் ஃபெயிலும் (2002). இரண்டையும் இணைப்பவன் ரீச்சரின் அண்ணன் ஜோ. முதல் நாவலில் நீங்கள் பக்கம் பக்கமாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை, பின்னால் வரும் நாவல்கள் போகிற போக்கில் சொல்லிவிடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: 61 அவர்ஸ் (2010), வொர்த் டையிங் ஃபார் (2010), எ வாண்டட் மேன் (2012), நெவர் கோ பேக் (2013). 61 அவர்ஸில் ரீச்சர் தன் பழைய அலுவலகத்துக்குப் போன் போட, மறுமுனையில் ஒரு பெண் அதிகாரியின் குரல். அந்தக் குரலுக்குரியவரை நேரில் பார்க்க அவன் வர்ஜீனியாவுக்குக் கிளம்புகிறான். வழியில் வரும் தடங்கல்கள்தான் அடுத்த இரண்டு நாவல்கள். நான்காவதில்தான் போய்ச் சேர்கிறான். 61 அவர்ஸின் கடைசிப் பக்கம் உங்களை அந்தரத்தில் விட்டுவிடும் என்பதால், அதை எடுக்கும்போதே வொர்த் டையிங் ஃபாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்குக்கும் நடுவில் 2011-ல் வெளியான த அஃபேர் பழைய காலக் கதை. அதைத் தாண்டிப் போனால் இந்த இழை அறுந்துவிடாது.

நான்காவது, மேக் மீயும் (2015) த மிட்நைட் லைனும் (2017). முந்தையது முடிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி அடுத்தது தொடங்குகிறது. இடையில் வந்த நைட் ஸ்கூல் 1996-ல் நடக்கும் கதை என்பதால் குறுக்கே வராது.

சரி, எதில் தொடங்குவது?

உங்கள் ரசனையைப் பொறுத்தது. ஒரே ஒரு பெயர்தான் வேண்டும் என்றால் ஒன் ஷாட் (2005, ஒன்பதாவது நாவல்).

காரணம் சொல்கிறோம். இந்தியானா மாநிலத்தின் ஒரு நகரத்தில், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் கூட்டத்தை நோக்கி ஒருவன் துப்பாக்கியால் சுடுகிறான். ஆறு தோட்டா, ஐந்து உயிர். சில மணி நேரத்திலேயே ஒருவனைப் பிடித்துவிடுகிறார்கள், தடயங்கள் மறுக்க முடியாதவை. பிடிபட்டவன் வாயைத் திறந்து கேட்பது ஒன்றைத்தான்: ஜாக் ரீச்சரைக் கூட்டி வாருங்கள். இதில் அழகு என்னவென்றால், ரீச்சர் யார் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. போலீஸும் வக்கீலும் அவனைப் பற்றி விசாரிக்கும்போது நீங்களும் கூடவே தெரிந்துகொள்கிறீர்கள். முதல் அத்தியாயத்தில் சுடுபவன் வண்டியை ஓட்டி வந்து நிறுத்தும் விதத்தை ஆசிரியர் வரிவரியாக எழுதியிருப்பார். அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். அங்கே அவன் செய்கிற சின்னஞ்சிறு காரியங்கள்தான் பின்னால் புதிருக்குச் சாவி.

முதல் புத்தகத்திலேயே தொடங்கினால்தான் மனசு ஆறும் என்பவர்கள் கில்லிங் ஃப்ளோரை எடுக்கலாம். ஜார்ஜியாவில் மார்கிரேவ் என்ற சிற்றூர். ஒரு சிற்றுண்டிக் கடையில் பகல் 12 மணிக்கு முட்டை சாப்பிட்டுக்கொண்டு காபி குடிக்கும் ரீச்சரைக் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்கிறார்கள். ஊருக்குள் நுழைந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ரீச்சரே கதையைச் சொல்கிறான். முதல் நாவலுக்குரிய பசியும் வேகமும் இதில் உண்டு. கூடவே இரண்டு குறைகளும் உண்டு. கதை நிற்பதே ஒரு பெரிய தற்செயலின் மேல்தான். பிற்கால நாவல்களைவிடக் கொடூரமான காட்சிகள் இதில் அதிகம். இரண்டையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் தயங்காமல் எடுங்கள்.

துவக்கத்திலேயே அடி, ஓட்டம், துப்பாக்கி என்று இருக்க வேண்டுமா? பர்சுவேடர் (2003). பின்னட்டையைக்கூடப் படிக்காமல் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். அந்த அத்தியாயத்தை எதுவும் தெரியாமல் படிப்பது ஒரு முறைதான் கிடைக்கும்.

ராணுவத்துக்குள் நடக்கும் விசாரணை பிடிக்கும் என்பவர்களுக்கு த எனிமி (2004). 1989 முடிந்து 1990 பிறக்கிற இரவு. ஒரு ஜெனரல் மலிவான மோட்டல் அறையில் இறந்து கிடக்கிறார், அவருடைய கைப்பெட்டியைக் காணோம். அன்றிரவு பணியில் இருப்பவன் 29 வயது ரீச்சர். பெர்லின் சுவர் இடிந்த சமயம் என்பதால், இனி நமக்கு வேலை இருக்குமா என்ற பயம் ராணுவத்தின் மேலிருந்து கீழ்வரை பரவியிருக்கிறது. ரீச்சரின் அம்மாவும் அண்ணனும் வரும் பாரிஸ் பகுதிகளைப் போல மனதைத் தொடும் பக்கங்கள் இந்தத் தொடரில் அதிகம் இல்லை. எங்கள் கணிப்பில் தொடரிலேயே சிறந்த நாவல் இதுதான். ஆனால் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ படித்தால் கனம் கூடும். அலைந்து திரியும் ரீச்சரைப் பார்த்துவிட்டு, சீருடை போட்ட ரீச்சரிடம் வர வேண்டும்.

எதில் தொடங்கக் கூடாது?

வொர்த் டையிங் ஃபார், எ வாண்டட் மேன், நெவர் கோ பேக், த மிட்நைட் லைன். நான்கும் முந்தைய கதையின் தொடர்ச்சியைச் சுமப்பவை. பாஸ்ட் டென்ஸ் (2018) ரீச்சரின் அப்பா பிறந்த ஊரான லக்கோனியாவில் நடக்கிறது. அந்த அப்பாவைப் பற்றி முன்பே நாலைந்து நாவல்களில் கேள்விப்பட்டிருந்தால்தான் அதன் திருப்பம் உறைக்கும்.

2020-க்குப் பிந்தைய கூட்டு நாவல்களிலும் தொடங்க வேண்டாம். ரீச்சர் அதிகம் பேசுகிறான், வாக்கியங்களின் தாளமும் மாறியிருக்கிறது. பழகிய வாசகருக்கு இது உடனே தெரியும். புதியவர், ரீச்சர் என்றாலே இதுதான் என்று நினைத்துவிடுவார்.

கதை நடக்கும் கால வரிசையில் படித்தால்?

த எனிமி 1990, த சீக்ரெட் 1992, நைட் ஸ்கூல் 1996, த அஃபேர் 1997, பிறகு கில்லிங் ஃப்ளோர் என்று போகும். பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, படிக்க அப்படி இல்லை. ரீச்சர் ஏன் ராணுவத்தை விட்டான் என்பதைச் சொல்வது த அஃபேர். 15 நாவல்களில் அந்தக் கேள்வியை ஊறவைத்துவிட்டு 16-வதில் பதில் தருகிறார் ஆசிரியர். கேள்வி எழும் முன்பே பதிலைப் படித்தால் என்ன சுவை? மேலும் த சீக்ரெட் 2023-ல் வந்த கூட்டு நாவல். கால வரிசையில் போனால் இரண்டாவது புத்தகத்திலேயே நடை மாறிவிடும். இந்த வரிசையை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரன்னிங் பிளைண்ட், த விசிட்டர் இரண்டும் ஒரே நாவல். அமெரிக்கப் பதிப்புக்கு முதல் பெயர், பிரிட்டிஷ் பதிப்புக்கு இரண்டாவது. இதையும் அதையும் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

படம் வந்த சமயத்தில் அட்டையில் 'ஜாக் ரீச்சர்' என்று பெரிதாக அச்சிட்ட ஒன் ஷாட் பதிப்புகள் விற்பனைக்கு வந்தன. உள்ளே கதை அதேதான். மின்னூல் கடைகளில் சிறுகதைகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள், அட்டை நாவலைப் போலவே இருக்கும். பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். நாவல் என்றால் பெரும்பாலும் 400 பக்கம் முன்னே பின்னே. 100-க்குள் இருந்தால் அது சிறுகதை அல்லது குறுநாவல். ஜாக் ரீச்சர்ஸ் ரூல்ஸ் (2012) என்ற சிறிய நூல், நாவல்களிலிருந்து எடுத்த துணுக்குகளின் தொகுப்பு, கதை அல்ல. ரீச்சர் பெயரைத் தலைப்பில் வைத்து மற்றவர்கள் எழுதும் கிளைத் தொடர்களும் உண்டு. அட்டையில் லீ சைல்டு பெயர் ஆசிரியராக இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

வெப் சீரிஸ் பார்த்துவிட்டேன். அதே கதையை மறுபடி படிக்க வேண்டுமா?

பிரைம் வீடியோவில் ஆலன் ரிச்சன் நடிக்கும் 'ரீச்சர்' சீசனுக்கு ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறது. முதல் சீசன் (2022) கில்லிங் ஃப்ளோர், இரண்டாவது (2023) பேட் லக் அண்ட் ட்ரபிள், மூன்றாவது (2025) பர்சுவேடர். நான்காவதுக்கு கான் டுமாரோவை எடுத்திருக்கிறார்கள்.

முதல் சீசன் நாவலை நெருக்கமாகவே பின்தொடர்கிறது. ஆனால் திரையில் வரும் நீக்லி என்ற தோழி கில்லிங் ஃப்ளோர் நாவலில் கிடையாது. அவள் அறிமுகமாவது வித்தவுட் ஃபெயிலில்தான். இரண்டாவது சீசன் லாஸ் ஏஞ்சல்ஸ் கதையை நியூயார்க் பக்கம் நகர்த்திவிட்டது.

சீரிஸ் பார்த்தவர்கள், திரைக்குப் போகாத நாவலில் தொடங்குவது நல்லது. புதிரின் விடை தெரிந்த பிறகு இந்தக் கதைகளின் பாதி சக்தி போய்விடுகிறது. 61 அவர்ஸ், வித்தவுட் ஃபெயில், த ஹார்ட் வே (2006), த எனிமி நான்கும் அதற்குத் தோதானவை. நீக்லியைப் பிடித்திருந்தால் வித்தவுட் ஃபெயில்: துணை அதிபராகத் தேர்வானவரின் பாதுகாப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க ரீச்சரை அழைக்கிறார்கள். கண்டுபிடிக்க அவன் சேர்த்துக்கொள்ளும் ஆள் நீக்லி. இதில் ஜோ விஷயம் வரும், ஆனால் சீரிஸ் பார்த்த உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

டாம் குரூஸ் படங்கள்?

இரண்டு. 2012-ல் வந்தது ஒன் ஷாட் நாவலிலிருந்து, 2016-ல் வந்தது நெவர் கோ பேக்கிலிருந்து. நாவலில் இந்தியானாவில் நடக்கும் கதை முதல் படத்தில் பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டது. ரீச்சரின் உருவத்தைப் பார்த்ததுமே எதிராளி ஒரு அடி பின்வாங்குவது நாவல்களின் அடிப்படை என்பதால், உயரம் குறைந்த நடிகரை வாசகர்கள் மனதார ஏற்கவில்லை. முதல் படத்தைப் பார்த்திருந்தால் ஒன் ஷாட்டுக்குப் பதில் 61 அவர்ஸில் தொடங்குங்கள்.

ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சிரமமாக இருக்குமா?

ஆங்கில நாவல் படித்துப் பழக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான த்ரில்லர் தொடர் கிடைப்பது அரிது. வாக்கியங்கள் குட்டை. சில நேரம் இரண்டே சொல். உரையாடல் அதிகம், அதில் அலங்காரம் இல்லை. "ரீச்சர் எதுவும் சொல்லவில்லை" என்ற ஒரு வரி தொடர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அவன் மௌனமே ஒரு பதில்.

இடறும் இடங்கள் மூன்று. ஒன்று, ராணுவப் பதவிகள். சார்ஜென்ட், கேப்டன், மேஜர், கர்னல், ஜெனரல் என்ற ஏறுவரிசை தெரிந்தால் போதும். 'எம்பி' என்றால் ராணுவ போலீஸ், '110' என்றால் ரீச்சர் தலைமை வகித்த சிறப்பு விசாரணைப் பிரிவு. இரண்டு, துப்பாக்கி வகைகள். பெயர்களைக் கடந்துவிடலாம், எத்தனை தோட்டா மிச்சம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று, தெரு அமைப்பு. எந்தச் சாலை வடக்கே போகிறது, எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் எது என்று ஆசிரியர் விலாவாரியாகச் சொல்வார். சண்டை நடக்கப்போவது அந்த இடத்தில்தான். ஒரு தாளில் நான்கு கோடு கிழித்து வைத்துக்கொண்டால் கடைசி 50 பக்கம் தெளிவாக ஓடும்.

முதல் 50 பக்கம் மெதுவாகப் போகிறதே?

பல நாவல்களில் அப்படித்தான். அது சோம்பல் அல்ல, கட்டுமானம். லீ சைல்டு முன்கூட்டியே கதைச்சுருக்கம் எழுதிக்கொள்ளமாட்டார். தனியாக எழுதிய காலத்தில் வருடந்தோறும் செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் வரியை எழுதிவிட்டு, அது எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போவார். அதனால் தொடக்கத்தில் ரீச்சருக்குத் தெரியாதது எழுத்தாளருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து மோப்பம் பிடிக்கிறார்கள். நல்ல நாவல்களில் இது உயிரோட்டத்தைத் தருகிறது. சுமாரானவற்றில், நடுவில் 80 பக்கம் ஒரே சாலையில் போய் வந்துகொண்டிருப்பதாகவும் ஆகிவிடுகிறது. நத்திங் டு லூஸ் (2008) இதற்கு உதாரணம்.

மெதுவாகச் சொல்வதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் கான் டுமாரோவின் (2009) முதல் சில பக்கங்களைப் படியுங்கள். நியூயார்க் பாதாள ரயில், இரவு இரண்டு மணி, பெட்டியில் விரல் விட்டு எண்ணக்கூடிய பயணிகள். தற்கொலைத் தாக்குதலுக்கு வருபவரை அடையாளம் காண ஒரு சோதனைப் பட்டியல் ரீச்சருக்குத் தெரியும். ஆணுக்கு 12 அறிகுறி, பெண்ணுக்கு 11. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்கிறான். பொருந்தாத உடை, ஒன்று. இப்படி ஒவ்வொன்றாக அவன் எண்ணிக்கொண்டு போக, ரயில் அடுத்த நிலையத்தை நெருங்குகிறது. யாரும் அசையவில்லை, யாரும் பேசவில்லை. பக்கத்தைப் பிடித்திருக்கும் உங்கள் கை மட்டும் இறுகுகிறது.

சண்டைகளும் இதே முறைதான். அடி விழுவது மூன்று நொடி. அதற்கு முன் ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு. எத்தனை பேர், தலைவன் யார், யார் வலக்கைக்காரன், தரை வழுக்குமா. பிறகு எதிராளி பேச்சை முடிக்கும் முன்பே முழங்கையோ நெற்றியோ போய் இறங்கிவிடும். சண்டைப் பக்கங்களை வேகமாகப் புரட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் அதுதான்.

வன்முறை எவ்வளவு?

நிறைய. பெரியவர்களுக்கான தொடர் இது. எலும்பு உடைவதை எழுதும்போது எந்த எலும்பு என்றும் எழுதுவார். சில நாவல்களைத் தெரிந்தே எடுக்க வேண்டும்: எக்கோ பர்னிங்கில் (2001) குடும்ப வன்முறை, வொர்த் டையிங் ஃபாரில் குழந்தைகளுக்கு எதிரான குற்றம், த மிட்நைட் லைனில் வலிநிவாரணி மருந்துகளுக்கு அடிமையாதல். மேக் மீயின் கடைசிப் பகுதி தொடரிலேயே மிக இருண்டது, இளகிய மனதுக்காரர்கள் தவிர்த்துவிடலாம். வன்முறை ஓரளவு அடங்கிய தொடக்கம் வேண்டுமானால் த எனிமி. வித்தவுட் ஃபெயிலும் அப்படித்தான், ஆனால் ஜோ விஷயம் முன்பே தெரிந்துவிடும்.

நாமே புதிரை அவிழ்க்க முடியுமா?

ஒன் ஷாட், த எனிமி, த ஹார்ட் வே மூன்றிலும் முடியும். தடயங்கள் கண்ணெதிரே கிடக்கும். த ஹார்ட் வேயில் முதல் பக்கத்திலேயே, ஓட்டல் மேசையில் உட்கார்ந்து காபிக்குக் காத்திருக்கும் ரீச்சர், ஒருவன் தெருவைக் கடந்து ஒரு காரை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான். அது ஒரு கடத்தலுக்கான பணம் கைமாறிய தருணம் என்று மறுநாள் தெரியவருகிறது. அந்த ஓட்டுநர் எப்படி நடந்தான், எப்படிப் பார்த்தான் என்று அவன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதே விசாரணை.

மற்ற பல நாவல்களில் யார் வில்லன் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதுதான் மர்மம்.

ஒரே ஆள் இத்தனை பேரை அடிப்பதை எப்படி நம்புவது?

ஊருக்கு வரும் அந்நியன், அநியாயத்தைத் தட்டிக் கேட்டு, வந்த வழியே போய்விடுகிறான். காவல் தெய்வக் கதைகளையும் பழைய குதிரைவீரன் கதைகளையும் எந்த மனநிலையில் ரசிக்கிறோமோ, அதே மனநிலையில் படிக்க வேண்டும். சட்டம், வழக்கு, விளைவு எல்லாம் கறாராக இருக்க வேண்டும் என்பவருக்கு இந்தத் தொடர் ஒத்துவராது. அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஒலிநூலாகக் கேட்கலாமா?

தாராளமாக. குட்டை வாக்கியங்கள் காதுக்கு நன்றாக ஏறும். ரீச்சரே கதை சொல்லும் நாவல்கள் கேட்பதற்கு இன்னும் பொருத்தம்: கில்லிங் ஃப்ளோர், பர்சுவேடர், த எனிமி, கான் டுமாரோ, த அஃபேர், பர்சனல் (2014). இட அமைப்பை வைத்து ஆடும் ஒன் ஷாட்டை மட்டும் அச்சில் படியுங்கள். பின்னால் திரும்பி ஒரு பக்கத்தைச் சரிபார்க்கத் தோன்றும்.

சிறுகதையில் தொடங்கலாமா?

2017 வரை வந்த கதைகள் நோ மிடில் நேம் என்ற தொகுப்பில் உள்ளன. அதில் ஹை ஹீட் நல்ல மாதிரி. 1977 ஜூலையில் நியூயார்க் நகரமே இருளில் மூழ்கிய இரவு, ரீச்சருக்கு 16 வயது. ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அலைந்து திரியும் ரீச்சரின் முழு ருசி நாவலில்தான்.

அடுத்தடுத்து படித்துக்கொண்டே போகலாமா?

இரண்டு படியுங்கள், பிறகு வேறொரு எழுத்தாளரிடம் போய்விட்டு வாருங்கள். ஐந்தாறைத் தொடர்ந்து படித்தால் வார்ப்பு தெரிய ஆரம்பிக்கும்: காபி, பேருந்து, நான்கு முரடர்கள், ஒரு பெண் அதிகாரி, பிரிவு. இந்த நாவல்கள் வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எழுதப்பட்டவை. இடைவெளி விட்டுப் படிக்கும்போது திரும்பி வரும் அதே அம்சங்கள் பழைய நண்பனைப் பார்த்த சந்தோஷத்தைத் தரும்.

ஒன்று படித்தேன், பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

எது பிடிக்கவில்லை என்று பாருங்கள். மெதுவாக இருந்ததா? பர்சுவேடர் எடுங்கள். கொடூரமாக இருந்ததா? த எனிமி. 2020-க்குப் பிந்தையதைப் படித்தீர்களா? ஒன் ஷாட்டிலிருந்து மறுபடி முயலுங்கள். ரீச்சரின் அளவுக்கு மீறிய தன்னம்பிக்கையே எரிச்சலாக இருந்தால், வேறு எந்த நாவலும் அதை மாற்றாது. விட்டுவிடுங்கள்.

பிடித்துவிட்டது. அடுத்து?

ஒன் ஷாட்டில் தொடங்கியிருந்தால் இந்தப் பாதை நன்றாக அமையும்: கில்லிங் ஃப்ளோர், வித்தவுட் ஃபெயில், த எனிமி, பேட் லக் அண்ட் ட்ரபிள். அந்தக் கடைசி நாவலில் ரீச்சரின் பழைய 110 குழு மறுபடி கூடுகிறது. அவர்களைப் பற்றித் தெரிந்த பிறகு படிப்பதால் ஒவ்வொரு பெயருக்கும் எடை இருக்கும். அதற்குப் பிறகு 61 அவர்ஸ் நால்வரிசை. பனி உறைந்த சாலையில், முதியவர்களை ஏற்றி வந்த சுற்றுலாப் பேருந்து வழுக்கி நிற்கிறது. அதில் ரீச்சர். பக்கத்து ஊரில், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாள் வரை உயிரோடு இருக்க வேண்டிய ஒரு மூதாட்டி. முதல் வரியிலேயே மணிக்கணக்கு இறங்கத் தொடங்கிவிடும். அதை ஒரு விடுமுறைக்கு முந்தைய இரவில் ஆரம்பியுங்கள், நடுவில் வைக்க மனசு வராது.